எலும்புகளின் சாட்சியும் திருமறையின் குஷ்டரோகமும்

பத்துக் குஷ்டரோகிகளைப் பற்றிய பகுதி (லூக்கா 17:11-19) வாசிக்கப்படும் ஞாயிறன்று நம் பிரசங்கபீடங்களிலிருந்து பெரும்பாலும் ஒரே விதமான விளக்கமே எழுகின்றது. குஷ்டரோகம் உடலின் உணர்வை அழிக்கும்; பாவம் மனச்சாட்சியின் உணர்வை அழிக்கும். குஷ்டரோகம் விரல்களைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். பாவமும் மனிதனை அவ்வாறே தின்றுவிடும். இந்த உவமையை நாம் நம் ஆசிரியர்களிடம் கற்றோம், நாமும் பிரசங்கித்தோம். ஆனால் உணர்வின்மையும் விரல் இழப்பும் திருமறையின் எந்த அதிகாரத்தில் குஷ்டரோகத்தின் அடையாளங்களாகக் கூறப்பட்டுள்ளன என்று தேடத் தொடங்கினால் நாம் திகைத்து நிற்போம். அவை எங்கும் கூறப்படவில்லை.

அப்படியாயின் திருமறை கூறும் நோய் எது? நெடுங்காலம் இக்கேள்விக்கு மொழியறிஞர் மட்டுமே விடை தேடினர். கடந்த எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வேறொரு சாட்சியும் நமக்குக் கிடைத்துள்ளது. அது மண்ணிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்ட மனித எலும்புகளின் சாட்சி. பழங்கால மக்களைப் பற்றிய நோய்களை அவர்களுடைய எலும்புகளிலிருந்து கண்டறியும் கலை, தொல்நோயியல் என்னும் பெயரில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்துள்ளது. எலும்புகள் எதைச் சொல்ல வல்லன, எதைச் சொல்ல இயலாதன, அவற்றின் சாட்சி நம் திருமறை விளக்கத்தையும் திருப்பணியையும் எவ்வாறு தொடுகின்றது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சொல்லின் வரலாறு

எபிரேய மூலத்தில் வரும் சொல் ‘சாராத்’ என்பது. லேவியராகமம் 13, 14 ஆகிய அதிகாரங்கள் இதனை விரிவாக விளக்குகின்றன. தோலில் தடிப்பு, அசறு, வெள்ளைப்படர் ஆகியவை தோன்றுகின்றன. அவ்விடத்து மயிர் வெளுக்கின்றது. அது தோலினும் பள்ளமாகத் தெரிகின்றது. ஆசாரியன் நோயாளியை ஏழு நாள் அடைத்து வைத்து மறுபடியும் பார்க்கிறான். ஐயம் நீங்காவிடில் இன்னும் ஏழு நாள் காத்திருக்கிறான். உடல் முழுவதும் வெண்மையாகிவிட்டால் அம்மனிதன் சுத்தமானவன் என்று தீர்க்கப்படுகிறான் (13:12-13). ஆட்டுமயிர் வஸ்திரத்திலும் பஞ்சுநூல் வஸ்திரத்திலும் தோலிலும், வீட்டுச் சுவரிலுங்கூட இதே ‘சாராத்’ தோன்றுகின்றது.

1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த கிருமியால் வரும் நோயையே நாம் இன்று தொழுநோய் என்கிறோம். இந்நோய் ஏழு நாளில் மாறுவதன்று; ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர்வது. மயிரை வெளுக்கச் செய்வது இதன் இயல்பன்று. துணியையும் சுவரையும் இது பற்றாது. இதன் தலையாய அடையாளங்களாகிய உணர்வற்ற படை, தடித்த நரம்பு, மடங்கிய விரல், பார்வை இழப்பு ஆகியவற்றுள் ஒன்றையேனும் லேவியராகமம் குறிப்பிடவில்லை. ஆதலின் ‘சாராத்’ என்பது ஒரு தனி நோயின் பெயரன்று எனலாம். தோலிலும் துணியிலும் சுவரிலும் புறப்படும் பலவகைக் கேடுகளைத் தீட்டு என்னும் ஒரே வகையில் அடக்கும் வழிபாட்டுச் சொல்லே அது.

அலெக்சந்திரியாவில் கிரேக்க மொழிபெயர்ப்பைச் செய்தவர்கள் இதற்கு ‘லெப்ரா’ என்னும் சொல்லை ஆண்டனர். கிரேக்க மருத்துவ நூல்களில் இச்சொல் செதில் செதிலாக உதிரும் தோல் நோய்களையே குறித்தது. இன்றைய தொழுநோயைக் கிரேக்க மருத்துவர்கள் அறிந்தபோது அதற்கு யானைநோய் என்னும் பொருள்படும் வேறு பெயரை இட்டனர். இடைக்காலத்தில் அரபு மருத்துவ நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது அக்கொடிய நோய்க்கும் ‘லெப்ரா’ என்னும் பெயரே நிலைத்துவிட்டது. அன்றுமுதல் லேவியராகமத்தின் தீட்டும் மருத்துவர் கண்ட நோயும் ஒரே பெயரின் கீழ் வந்தன. நோயாளியின் தலைமேல் இறங்கியது நோய் மட்டுமன்று, தீட்டும் இறங்கியது.

நம் மொழியிலும் இதனையொத்த வரலாறு உண்டு. ‘குஷ்டம்’ என்பது பரந்த பொருளுடைய சொல். ஆயுர்வேத நூல்கள் அதனைப் பதினெட்டு வகையாகப் பகுக்கின்றன. தொழுநோயோடு எவ்வகையிலும் தொடர்பில்லாத வெண்படையை இன்றும் மக்கள் வெண்குஷ்டம் என்பர். ‘தொழுநோய்’ என்னும் சொல்லோ வேறு. நாலடியாரில் தீவினையச்சம் என்னும் அதிகாரத்திலுள்ள ஒரு வெண்பா, உள்ளங்கை மட்டும் எஞ்ச விரல்கள் அழுகிப்போகும் நோயை இப்பெயராலேயே குறிக்கின்றது. லேவியராகமத்தில் நாம் தேடிக் காணாத அடையாளத்தை இங்கே ஓர் அடியில் காண்கிறோம். அந்தத் தமிழ்ப் புலவர் தொழுநோயாளியின் கையைக் கண்ணால் கண்டவராகவே இருத்தல் வேண்டும். எனினும் அவரும் அந்நோயை முன்செய்த தீவினையின் பயனென்றே பாடினார். நோயைச் சரியாகக் கண்டவரும் நோயாளியின்மேல் குற்றத்தைச் சுமத்தத் தவறவில்லை என்பது நம் சிந்தனைக்குரியது.

ஒரு மருத்துவரும் ஒரு கல்லறைத்தோட்டமும்

எலும்புகளைக் கொண்டு தொழுநோயை அறியும் முறை டென்மார்க்கில் பிறந்தது. 1706இல் சீகன்பால்குவையும் புளுச்சோவையும் தரங்கம்பாடிக்கு அனுப்பிய அரசரின் நாடாகையால், அந்நாடு நமக்கு அறிமுகமானதே. அங்கே வில்ஹெல்ம் மோலர்-கிறிஸ்டென்சன் என்னும் மருத்துவர் தம் தொழிலோடு அகழாய்விலும் நாட்டங்கொண்டு, 1930களில் எபெல்ஹோல்ட் என்னும் பழைய துறவியர் மடத்தின் கல்லறைகளை ஆராய்ந்தார். பின்னர், 1948 முதல், நெஸ்ட்வெட் நகருக்கு அருகே தூய ஜார்ஜின் பெயரால் விளங்கிய இடைக்காலத் தொழுநோய் இல்லத்தின் கல்லறைத்தோட்டத்தை அகழத் தொடங்கினார். ஏறத்தாழ கி.பி. 1250 முதல் 1550 வரை அவ்வில்லத்தில் இறந்தவர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். ஆண்டுகள் பல உழைத்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை அவர் வெளிக்கொணர்ந்தார். 1953இல் வெளியான அவருடைய முதல் நூல் நெஸ்ட்வெட்டின் பத்துத் தொழுநோயாளிகளைப் பற்றியது. பத்து என்னும் எண் லூக்கா எழுதிய நிகழ்ச்சியை நமக்கு நினைவூட்டாமல் இராது.

அந்த மண்டையோடுகளில் ஒரே விதமான மூன்று மாற்றங்கள் மீண்டும் மீண்டும் தோன்றுவதை அவர் கண்டார். மூக்குத் துவாரத்தின் அடியில் முன்னோக்கி நீண்டிருக்கும் சிறு எலும்புமுனை தேய்ந்து மறைந்திருந்தது. மேல்தாடையில் முன்பற்களைத் தாங்கும் எலும்பு, நடுவிலிருந்து தொடங்கி, கரைந்து பின்வாங்கியிருந்தது. மூக்கின் உட்புறத்து எலும்பில் அழற்சியின் தடங்கள் இருந்தன. இம்மூன்றும் சேர்ந்த முகத்திற்குத் தொழுநோய் முகம் என்று அவர் பெயரிட்டார். இம்மாற்றங்கள் இறந்தோரின் எலும்பில் முதலில் அறியப்பட்டு, அதன் பின்பே உயிரோடிருந்த நோயாளரிடம் தேடப்பட்டன என்பது வியப்புக்குரியது. 1957இல் எருசலேமைச் சேர்ந்த மருத்துவர் இருவர் தம் நோயாளரிடம் இதே மாற்றங்களைக் கண்டு எழுதினர். கல்லறை மருத்துவமனைக்குப் பாடம் கற்பித்தது.

கைகால் எலும்புகளின் சாட்சியும் உண்டு. கால்விரல்களுக்குப் பின்னுள்ள எலும்புகள் சீவிய பென்சிலைப்போல் நுனி கூர்ந்து சிறுத்துவிடுகின்றன. நெடுநாள் மடங்கியே இருந்த கைவிரல்களின் எலும்பில் அம்மடக்கத்தின் தடம் பள்ளமாகப் பதிகின்றது. ஆறாத புண்ணிலிருந்து பரவும் சீழ், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புகளின் மேற்பரப்பில் புதிய எலும்புப் படிவை உண்டாக்குகின்றது.

இவை ஏன் நேர்கின்றன என்பதை விளக்கியதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நோயாளரின் விரல்களைக் கிருமி தின்பதில்லை என்பதை உணர்ந்து நிறுவினார். நரம்பு கெட்டு உணர்வு இழந்த கையில் சுடுபாத்திரமும் கூர்ங்கல்லும் செய்யும் காயத்தை நோயாளி அறிவதில்லை. அறியாத காயமும் அதில் புகும் சீழுமே எலும்பைக் கரைக்கின்றன. 1950களிலும் 60களிலும் வேலூரிலும் 1955இல் தொடங்கிய காரிகிரி ஆய்வு மருத்துவமனையிலும் பணிசெய்தோர், தொழுநோயாளரின் எலும்பு மாற்றங்களை எக்ஸ்-கதிர்ப் படங்களாலும் திசு ஆய்வாலும் விவரித்தெழுதினர். இடைக்கால டென்மார்க்கின் எலும்பும் வேலூர் நோயாளியின் கையும் ஒன்றையொன்று விளக்கின.

எலும்பை வாசிப்பதில் எச்சரிக்கை

எலும்பு பொய் சொல்லாது என்பர். ஆயினும் அதனை வாசிப்பவர் தவறக்கூடும். எலும்பால் அறியப்படும் நோய் எதுவாயினும் நான்கு எச்சரிக்கைகளை மறத்தல் ஆகாது.

முதலாவது, எலும்புக்குத் தெரிந்த மொழி மிகச் சிறியது. நோயைச் சந்திக்கும்போது அது கரையும், அல்லது புதிதாக வளரும். இவ்விரண்டன்றி அதற்கு வேறு விடை இல்லை. ஆகையால் வெவ்வேறு நோய்கள் ஒரே தடத்தை விடக்கூடும். மேகநோயும் மூக்கெலும்பை அழிக்கும். நீரிழிவும் கால்விரலைக் கரைக்கும். கடுங்குளிரால் உறைந்த விரலும் அவ்வாறே தோன்றும். எந்த எலும்பில் என்ன மாற்றம் என்பதோடு, உடல் முழுவதிலும் மாற்றங்கள் எவ்வாறு பரவியுள்ளன என்பதையும் பார்த்தே முடிவுக்கு வரல் வேண்டும். முதுகெலும்பு உடைந்து கூனியிருப்பின் காசநோயை நினைக்கிறோம். மண்டையோட்டின் மேற்பரப்பு அரிக்கப்பட்டுத் தழும்பேறியிருப்பின் மேகநோயை நினைக்கிறோம். முகம், கை, கால் ஆகிய மூன்றும் சேர்ந்து கெட்டிருப்பின் தொழுநோயை நினைக்கிறோம்.

இரண்டாவது, எலும்பில் தடம் இல்லாமை நோய் இல்லாமைக்குச் சான்றாகாது. தொழுநோயுற்றோருள் ஒரு பகுதியினருக்கே எலும்பு மாறுகின்றது. மூக்கின் முனையும் முன்பற்களின் தாடையும் மென்மையானவை. மண்ணுக்குள் எளிதில் நொறுங்கிவிடுவன.

மூன்றாவது, எலும்பு மாறுவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். ஆகையால் தழும்புள்ள எலும்பு, நோயோடு போராடி நெடுநாள் வாழ்ந்தவருடையது. நோய் வந்தவுடன் இறந்தவனின் எலும்பு குற்றமற்றதாய்த் தோன்றும். 1992இல் அறிஞர் சிலர் இம்முரண்பாட்டை எடுத்துக்காட்டியபின், கல்லறையிலுள்ள தழும்புகளை எண்ணி ஊரின் நோயை எண்ணிவிட்டதாகக் கருதும் வழக்கம் தளர்ந்தது. நோயின் தழும்பே சில வேளைகளில் உயிர்வலிமையின் சாட்சியாகும்.

நான்காவது, 1990கள் முதல் எலும்புக்குள் எஞ்சியிருக்கும் கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் முறை பிறந்துள்ளது. தொழுநோய்க் கிருமியின் புறச்சுவர் மெழுகுத்தன்மை உடையதாகையால் அதன் டி.என்.ஏ. நெடுங்காலம் அழியாமல் நிற்கின்றது. 2013இல் டென்மார்க், சுவீடன், இங்கிலாந்து ஆகிய நாடுகளின் இடைக்கால எலும்புகளிலிருந்து இக்கிருமியின் முழு மரபுத்தொகுதியே வாசிக்கப்பட்டது. அது இன்றைய கிருமியோடு ஏறத்தாழ ஒத்திருந்தது. ஐரோப்பாவில் நோய் குறைந்ததற்குக் கிருமி வலிமை இழந்தது காரணமன்று என்று இதனால் அறிகிறோம். எனினும் டி.என்.ஏ.வும் அழியக்கூடியதே. அது கிடைத்தால் சாட்சி, கிடைக்காவிட்டால் மௌனம்.

திருமறை நாடுகளிலிருந்து கிடைத்தவை

இவ்வெச்சரிக்கைகளோடு திருமறை நாடுகளை நோக்குவோம். உசியா அரசன் ‘சாராத்’ பற்றியவனாய்த் தனித்த வீட்டில் வாழ்ந்து இறந்தது கி.மு. எட்டாம் நூற்றாண்டில் (2 நாளாகமம் 26). அந்நூற்றாண்டின் இறுதியில், கி.மு. 701இல், அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின் லாகீஸ் நகரை முற்றுகையிட்டான். 1930களில் அந்நகரை அகழ்ந்தோர் மிகப் பலருடைய எலும்புகள் ஒன்றாய்க் குவிந்துகிடந்த குகைகளைக் கண்டனர். அவை அம்முற்றுகையில் மாண்டோருடையவை என்று பலரும் கருதினர். இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அம்மண்டையோடுகள் ஏறத்தாழ எழுநூறு. மோலர்-கிறிஸ்டென்சன் அவற்றை ஆராய்ந்தபோது ஒன்றிலும் தொழுநோய் முகம் காணப்படவில்லை. பழைய ஏற்பாட்டுக் காலத்தில் யூதாவில் தொழுநோய் பரவலாய் இருந்திருப்பின் இத்தனை மண்டையோடுகளில் ஒன்றிலேனும் அதன் தடம் இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது தவறன்று. ஆயினும் நம் இரண்டாவது எச்சரிக்கையை நினைத்தால், நோய் இருந்ததே இல்லை என்று அறுதியிட்டுக் கூற இயலாது.

எகிப்தில் தக்லா என்னும் பாலைநிலச் சோலையில் கிடைத்த, கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த நான்கு மண்டையோடுகளில் தொழுநோயின் அடையாளங்கள் காணப்பட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. அது தாலமி அரசர் காலம். இதனைக் கண்ட சிலர், மகா அலெக்சாந்தரின் படையினர் இந்தியாவிலிருந்து இந்நோயை மேற்கே கொண்டுவந்தனர் என்னும் பழைய கருத்தை மீண்டும் எண்ணினர். 2009இல் நம் நாட்டிலிருந்தே பழமையான ஒரு சாட்சி வெளிவந்தது. ராஜஸ்தானில் உதயப்பூருக்கு அருகிலுள்ள பாலாத்தல் என்னும் செம்புக்கால ஊரில், ஏறத்தாழ கி.மு. 2000இல், எரிந்த சாணச் சாம்பல் நிறைந்த கல்மதிலுக்குள் அடக்கம் செய்யப்பட்ட ஒரு நடுவயது ஆணின் முகத்திலும் கைகால்களிலும் தொழுநோயை ஒத்த மாற்றங்கள் இருந்தன. எனினும் ஒரு நாட்டில் ஒரு பழைய எலும்புக்கூடு கிடைத்தமையால் நோய் அங்கேதான் பிறந்தது என்று முடிவுசெய்தல் அவசரமாகும்.

ஆண்டவர் வாழ்ந்த காலத்து எருசலேமிலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. 2000ஆம் ஆண்டில், நகருக்குத் தெற்கே இன்னோம் பள்ளத்தாக்கில், அப்போஸ்தலர் நடபடிகள் 1:19 குறிப்பிடும் அக்கெல்தமா என்னும் பெயருடைய இடத்தில், கல்லில் வெட்டப்பட்ட ஒரு குடும்பக் கல்லறை கண்டறியப்பட்டது. அதில் ஓர் ஆணின் எச்சங்கள், அவனைச் சுற்றிய பிரேதச்சீலையின் துண்டுகளோடு, காரையால் அடைக்கப்பட்ட மாடத்துக்குள் கிடந்தன. அச்சீலை கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது எனக் கதிரியக்கக் கரிமக் கணிப்பு காட்டியது. எலும்புகள் பெரிதும் சிதைந்திருந்தன. ஆனால் அவற்றில் தொழுநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வும் காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வும் இருந்தன. இச்செய்தி 2009இல் வெளியாயிற்று. அக்கால யூதர், உடல் மக்கியபின் எலும்புகளைத் திரட்டிக் கற்பேழையில் வைப்பது வழக்கம். இம்மனிதனுக்கு அது செய்யப்படவில்லை. நோயின் அச்சமே காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர்.

இதனால் அறியப்படுவது என்ன? ஆண்டவரின் தலைமுறையில் எருசலேமில் தொழுநோய்க் கிருமி இருந்தது. ஆகையால் நற்செய்தி நூல்களில் வரும் குஷ்டரோகிகளுள் ஒருவருக்கும் இந்நோய் இருந்திருக்க முடியாது என்று கூறுவோர் அவசரப்படுகின்றனர். அதுபோலவே, அவர்கள் அனைவருக்கும் இந்நோயே இருந்தது என்று கூறுவோரும் அவசரப்படுகின்றனர். அக்கெல்தமாவின் மனிதனை அவன் காலத்து ஆசாரியன் ‘சாராத்’ உள்ளவன் என்று தீர்த்தானா என்பதை எலும்பு சொல்லாது. பெயர் மனிதர் இடுவது. கிருமி எலும்பில் இருப்பது. இவ்விரண்டையும் இணைக்கும் சங்கிலி நம் கையில் இல்லை. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் தகும். நோயுற்றிருந்த அம்மனிதன் தன் குடும்பத்தாரின் கல்லறையிலேயே, சீலை சுற்றப்பட்டு, கிடத்தப்பட்டான். அவனுடைய வீட்டார் சாவில் அவனைத் தள்ளிவிடவில்லை.

திருச்சபை நடந்துகொண்ட விதம்

எலும்புகள் நோயைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நோயாளியை அடக்கம் செய்தவர்களைப் பற்றியும் பேசுகின்றன. இடைக்காலத் திருச்சபை தொழுநோயாளருக்கு உயிரோடு சவ ஆராதனை நடத்தி ஊரைவிட்டுத் துரத்தியது என்னும் சித்திரம் நம் மனத்தில் பதிந்துள்ளது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. பிரித்துவைக்கும் சடங்குகளும் சட்டங்களும் இருந்தன. ஆனால் அதுவே முழு உண்மையன்று. 1179இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் சங்கம், தொழுநோயாளர் கூடிவாழும் இடங்களில் அவர்களுக்கெனத் தனி ஆலயமும் தனிக் குருவும் தனிக் கல்லறைத்தோட்டமும் இருக்க வேண்டும் என்று விதித்தது. பிரிவினை இங்கே தெரிகின்றது. அருட்சாதனங்கள் அவர்களுக்கு மறுக்கப்படலாகாது என்னும் கவலையும் தெரிகின்றது.

கல்லறைகள் இந்த இரட்டைத்தன்மையை உறுதிசெய்கின்றன. இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகருக்கு வெளியே மகதலேனா மரியாளின் பெயரால் இருந்த தொழுநோய் இல்லத்தின் கல்லறைத்தோட்டம் 2008 முதல் விரிவாக அகழப்பட்டது. அங்கே தொழுநோயின் தடமுடைய எலும்புகள் மிகப் பல. அக்குழிகள் அவசரமாகத் தோண்டப்பட்டவையல்ல. தலையை வைப்பதற்குத் தனி மாடம் வெட்டி, உடலின் அளவுக்கேற்பச் செதுக்கப்பட்டவை. அவற்றுள் ஓர் இளைஞனின் கல்லறையில் சிப்பி ஒன்று கிடைத்தது. ஸ்பெயின் நாட்டிலுள்ள யாக்கோபின் திருத்தலத்துக்குச் சென்று திரும்புவோர் அடையாளமாக அணியும் சிப்பி அது. தொழுநோயுற்ற அவ்விளைஞன் திருப்பயணியாய் மதிக்கப்பட்டு, அந்த அடையாளத்தோடே அடக்கம் செய்யப்பட்டான்.

இன்னும் பழைய சாட்சி ஒன்று யோர்தான் நதிக்கரையிலிருந்து வருகின்றது. அங்கே யோவான் ஸ்நானகனின் பெயரால் விளங்கிய மடத்தின் கல்லறையில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 600ஐச் சேர்ந்த ஒரு கால் எலும்பில் தொழுநோய்க் கிருமியின் டி.என்.ஏ. இருப்பதாக 1994இல் அறிவிக்கப்பட்டது. பண்டைய எலும்பில் இக்கிருமியை டி.என்.ஏ. வழியாக இனங்கண்ட முதல் ஆய்வுகளுள் அதுவும் ஒன்று. நாகமான் முழுகிச் சுத்தமான நதியின் கரையில் (2 இராஜாக்கள் 5), திருச்சபையின் துறவியரிடையே, தொழுநோயாளர் ஒருவர் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்.

டென்மார்க்கின் டிருப் என்னும் சிற்றூரின் சாதாரணக் கல்லறைத்தோட்டத்தை ஆராய்ந்தோர் அங்கேயும் தொழுநோயின் தடங்களைக் கண்டனர். நோயுற்றோர் எல்லாரும் இல்லங்களுக்கு அனுப்பப்படவில்லை. பலர் தம் ஊரில், தம் உறவினரிடையே வாழ்ந்து, தம் சபையின் மண்ணிலேயே அடங்கினர். நெஸ்ட்வெட் எலும்புகளோ வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றன. அவ்வில்லத்தில் அடக்கமானோருள் பெரும்பான்மையோருக்கு உண்மையாகவே தொழுநோய் இருந்தது. ஆகவே இடைக்கால மக்கள் கண்ட தோல் நோயையெல்லாம் தொழுநோய் என்று கூறி மனிதரை அடைத்துவைத்தனர் என்னும் குற்றச்சாட்டு அந்த ஊரைப் பொறுத்தவரை பொருந்தாது. அவர்கள் நிதானித்துப் பார்த்தே தீர்த்தனர்.

நம் பொறுப்பு

இவையனைத்தும் பழங்கதை என்று நாம் தள்ளிவிட இயலாது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தபின் தொழுநோய் முற்றிலும் குணமாகும் நோயாயிற்று. இந்தியாவில் பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோய் தணிந்துவிட்டதென 2005இன் இறுதியில் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின்னும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டினரே.

சட்டமோ மருத்துவத்திற்குப் பின்னே நடந்தது. தொழுநோயாளரைப் பிடித்து அடைத்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. கிறிஸ்தவருக்குரிய 1869ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்தின் வரலாறு நம்மை இன்னும் நெருக்கமாய்த் தொடுகின்றது. 2001இல் அது திருத்தப்பட்டபோது, தீராத கொடிய தொழுநோய் மணவிலக்குக்குரிய காரணங்களுள் ஒன்றாகப் புதிதாய்ச் சேர்க்கப்பட்டது. அப்போது நோயைத் தீர்க்கும் மருந்து வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 2019இல் நாடாளுமன்றம் அக்காரணத்தை நீக்கியது. இன்பத்திலும் துன்பத்திலும், சுகத்திலும் சுகவீனத்திலும் பிரியோம் என்னும் உடன்படிக்கையை ஆலயத்தில் செய்விக்கும் நாம், அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் இதைக் குறித்து என்ன பேசினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

மொழிபெயர்ப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘குஷ்டரோகி’ என்பது இழிசொல்லாகிவிட்டமையால், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘தொழுநோய்’ என்னும் சொல்லை ஆண்டது. மரியாதையை எண்ணிச் செய்யப்பட்ட இம்மாற்றம் பாராட்டுக்குரியது. ஆனால் குஷ்டம் என்னும் பழைய சொல் பல தோல் நோய்களைத் தழுவி நின்றது. தொழுநோய் என்பதோ இன்று மருத்துவமனைப் பலகையிலும் அரசு அறிவிப்பிலும் ஒரே ஒரு நோயைக் குறிக்கும் பெயர். ஆகவே சொல் மென்மையானபோது கட்டு இறுகிவிட்டது. லேவியராகமத்தின் தீட்டு, இன்று மாத்திரை உண்டு குணமாகும் ஒருவரின் நோய்க்கு நேராகப் போய்ச் சேர்கின்றது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில, லேவியராகமத்தில் தீட்டுண்டாக்கும் தோல் நோய் என்னும் கருத்துடைய தொடர்களுக்கு மாறிவிட்டன. நம் மொழிபெயர்ப்பாளரும் இதனைச் சிந்திக்க வேண்டும். அதுவரை, பாடத்தை வாசிக்குமுன் ஒரு வாக்கியத்தில் இவ்வேறுபாட்டைச் சபைக்கு எடுத்துரைப்பது ஆயரின் கடமையாகும். பாவத்துக்குத் தொழுநோயை உவமை கூறும் வழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும். அவ்வுவமை திருமறையில் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பவர் ஒருவேளை அந்நோயின் தழும்பைத் தம் கையில் உடையவராயிருக்கலாம்.

லேவியராகமத்தின் ஆசாரியனைக் குறைவாக எண்ணுவது நம் வழக்கம். ஆனால் அவன் பார்த்தான், ஏழு நாள் காத்திருந்தான், மறுபடியும் பார்த்தான். ஐயம் தீருமுன் தீர்ப்புச் சொல்லவில்லை. தடம் நீங்கினால் சுத்தமானவன் என்று அறிவிக்கவும் அவனுக்குக் கட்டளை இருந்தது. எலும்பை ஆராய்வோரும் அதே பொறுமையைக் கைக்கொள்கின்றனர். ஒரு கையளவு எலும்பின்மேல் நோயின் பெயரை எழுதுவதற்கு அவர்கள் அத்தனை தயங்கும்போது, உயிருள்ள மனிதரின்மேல் தீட்டின் பெயரை எழுதுவதற்கு நாம் தயங்காதது எவ்வாறு?

கலிலேயாவில் தம்மிடம் வந்து முழங்காற்படியிட்ட மனிதனை ஆண்டவர் கைநீட்டித் தொட்டார் என்று மாற்கு எழுதுகிறார் (1:40-45). அம்மனிதனுக்கு இருந்த நோய் எது என்பதை எலும்பும் சொல்லவில்லை, ஏடும் சொல்லவில்லை. தொடுவதற்கு அதை அறிந்துகொள்ள வேண்டியிருந்ததாகவும் மாற்கு எழுதவில்லை.